மூன்று தரம் தெரியாது என்றேன்

பிரியமான சகோதரங்களே, செபக்கூட்டத்தில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள். இதில் என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் இல்லை.

2006, கார்த்திகை மாதம். நாங்கள் ஊரை விட்டு வெளிநாடு வந்து செவன் கிங்ஸில் இருந்தோம். என் தம்பி டெனிஸ் ஒரு சரக்குக் கப்பலில் சமையலாளாகப் போயிருந்தான். ஊரில் யுத்தம், அவன் வயதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். வேறு யாரோ ஒருவருடைய பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டில்தான் கப்பல் ஏறினான். பிலிப்பைன்ஸ் பக்கம் புயலில் அந்தக் கப்பல் கவிழ்ந்துவிட்டது என்று அவனை ஏற்றிவிட்ட ஏஜென்ட் போனில் சொன்னான். அதற்குப் பிறகு ஏஜென்டின் போனும் வேலை செய்யவில்லை.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சேதி தா தாயே.

இந்த இடத்தில் என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் பெரிய சந்தேகக்காரி. கதவைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கிற இடம் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கவுன்சில் கடிதத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பிரிப்பேன். சும்மா வந்த குணம் இல்லை இது. ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று டெனிஸைக் கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டார் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான். தெரியாது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவனை உயிரோடு வைத்திருந்தோம்.

பதினோராம் நாள் காலை, வேலைக்குப் புறப்படும்போது போன் அடித்தது. ஒரு பெண், ஆங்கிலத்தில் பேசினாள். பெயர் மெர்லியாம். பிலிப்பைன்ஸில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிரசவம் பார்க்கிற மருத்துவமாதாம். மீன்பிடிக்கப் போனவர்கள் ஓர் இளைஞனைக் கடலில் இருந்து தூக்கி வந்தார்களாம். கடும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறானாம். காற்சட்டை இடுப்பில் பொலித்தீனில் சுற்றித் தைத்திருந்த கடதாசியில் என் நம்பர் இருந்ததாம்.

"அவருடைய பெயர் என்ன? ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா?"

டெனிஸ் என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த கணமே பயம் பிடித்தது. இவள் ஏன் பெயரைக் கேட்கிறாள்? "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டேன்.

என் கணவர் யூஜின் என்னை மெச்சினார். "நல்ல வேலை செய்தனி. ஏமாத்துக்காரர் எண்டால் காசு கேட்டிருப்பினம். இவை பேரைக் கேக்கினம். அப்ப இவை அவனைத் தேடுற ஆக்கள். ஒண்டும் சொல்லாதை."

மறுநாளும் அதே நேரம் மெர்லி எடுத்தாள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது என்றாள். அந்தக் காயத்தைத் துணியால் அமுக்கிப் பிடித்தவளே நான்தான். ஆனாலும் பாஸ்போர்ட் படம் வைத்திருப்பவனுக்கும் தழும்பு தெரியுமே! அவளோ நிறுத்தாமல் பேசினாள். ஊர் நிர்வாகக் கட்டடத்தில் மட்டும்தான் போன் இருக்கிறதாம், ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். கடலில் கண்டெடுத்தவனுக்கு அவனுடைய ஆட்கள் வரும்வரை கண்டெடுத்த படகுக்காரர் வீடுதான் வீடாம், அது அவர்கள் ஊர் வழக்கமாம். அக்கம்பக்கத்தார் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவருகிறார்களாம்.

யாரென்றே தெரியாதவனுக்கு ஒரு ஊரே கஞ்சி காய்ச்சுமா? குப்பைத்தொட்டியை ஒரு அடி தள்ளி வைத்ததற்கு என் பக்கத்து வீட்டுக்காரி மூன்று மாதம் என் முகம் பார்க்கவில்லை. தெரியாது என்று இரண்டாம் தரமும் சொன்னேன். அன்று பின்னேரம் மாதா கோயிலுக்குப் போய், சேதி வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். என் கூத்தைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மெர்லியின் குரல் களைத்திருந்தது. "காலில் இருக்கிற காயம் சீழ் பிடித்துவிட்டது. படகில் பென்சிலின் வந்திருக்கிறது. இன்றே ஊசி போடப் போகிறோம். தயவு செய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"தெரியாது." வாய் தானாகவே சொன்னது.

அப்போது போனுக்குள் ஒரு சேவல் கூவியது.

சகோதரங்களே, ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லி, சேவல் கூவியதும் வெளியே போய் அழுத சீடரை உங்களுக்குத் தெரியும். நானும் மூன்று தரம் சொல்லிவிட்டேனே. அப்போதும் என் புத்தி விடவில்லை. அங்கே இப்போது பின்னேரம், பின்னேரத்தில் எந்தச் சேவல் கூவும், இதுவும் ஒரு ஏற்பாடோ என்றது. ஆனால் போனை வைக்கக் கை வரவில்லை.

"அந்தக் கடதாசியின் மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறது?"

"மாதா படம். ஒரு மூலை கருகியிருக்கிறது."

கருக்கியது நான். அவன் கப்பல் ஏறுமுன் அந்தப் படத்தின் பின்னால் நம்பர் எழுதி, மெழுகுதிரிக்கு முன் வைத்துச் செபித்தபோது திரி சரிந்துவிட்டது. வேறு படம் இல்லாததால் அதையே தபாலில் அனுப்பினேன். யூஜினுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

"ஐயோ, என்ர தம்பி!" என்று தமிழில் கத்தினேன். பிறகுதான் ஆங்கிலம் வந்தது. "பென்சிலின் போடாதீர்கள்! சின்ன வயதில் அதைப் போட்டுச் சாகக் கிடந்தவன்!"

மெர்லி போனை வைக்கவும் நேரமில்லாமல் ஓடினாள். செருப்புச் சத்தம் தூரத்தில் போய் மறைந்தது. நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். நான் கேட்ட சேதி மூன்று நாளாக என் வீட்டில் மணி அடித்திருக்கிறது. நான்தான் அதைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

வேறு மருந்து போட்டார்கள். கால் தப்பியது, உயிரும் தப்பியது. அந்த ஊரில் முற்றத்துக்கு முற்றம் சண்டைச் சேவலைக் காலில் கட்டி வளர்ப்பார்களாம், அவை நாள் முழுக்கக் கூவுமாம். பிறகுதான் தெரிந்தது. ஆண்டவருக்கு எனக்கென்று தனிச் சேவல் தேவைப்படவில்லை.

இரண்டு கிழமை கழித்து டெனிஸ் தானே அந்தப் போனில் பேசினான். "அக்கா, என்னைத் தெரியாதெண்டு சொன்னனியாம்?"

"மூண்டு தரமடா. பயத்திலை."

அதற்கு அவன் சொன்னான். "நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

பூசையில் பின்வரிசையில் பிலிப்பைன்ஸ் சனங்கள் இருப்பார்கள். முன்பெல்லாம் அவர்களைக் கண்டால் கைப்பையை மற்றப் பக்கம் மாற்றுவேன். இப்போது அவர்கள் வரிசையில்தான் போய் இருக்கிறேன். மாதாவுக்கும் மெர்லிக்கும் நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்போது அது உங்களுக்குப் பழக்கமில்லாத குரலில் வந்தாலும் வைத்துவிடாதீர்கள். நான் இன்றைக்கும் பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள்தான். ஆனால் போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன்.