ஒரு குண்டு பல்புக்கு வந்த மவுசு

எங்கள் தெருவில் என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மிச்சம்' என்றால்தான் தெரியும். எனக்கு அவர் மாமா. நேரில் மாமா என்பேன், அவர் தலை மறைந்ததும் மிச்சம் என்பேன். இது அவருக்கும் தெரியும். கோபப்பட்டால் தெம்பு வீணாகும் என்று விட்டுவிட்டார்.

பஸ் டிப்போவில் உதிரி பாகங்கள் கொடுக்கும் கவுண்டரில் அவருக்கு வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டு. பழையதைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். கொடுத்த பழையதை அங்கேயே, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே சுத்தியலால் அடித்து உருக்குலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே பழசு வேறு ஒருவர் கையில் ஏறி வந்து இன்னொரு புதுசை வாங்கிக்கொண்டு போய்விடுமாம். டிப்போவில் நடக்க வேண்டிய இந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் நடந்தது. பல் துலக்குகிற பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அக்கா சொன்னால், பழைய பிரஷை வாங்கி இரண்டாக ஒடித்த பிறகுதான் புதியதை எடுத்துக் கொடுப்பார்.

இந்த மனுஷனோடு இவள் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று நான் அலுத்துக்கொள்ளாத நாளே இல்லை. அக்கா சிரிப்பாள். கல்யாணமான அன்று அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே "லைட்டை அணைச்சிடலாமா" என்பதுதானாம். இவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து போய்க் கூடம், சமையலறை, குளியலறை என்று வீடு முழுக்க அணைத்துவிட்டு வந்து, அப்பாடா என்று உட்கார்ந்தாராம்.

அக்கா மொட்டைமாடியில் ஒரு கோழி வளர்த்தாள். தலையை நிமிர்த்தி, ஆளை ஏற இறங்கப் பார்த்து நடக்கும் என்பதால் அதற்கு டீச்சரம்மா என்று பெயர். அக்கா துணி காயப்போடும்போது பின்னாலேயே போகும், அவள் பேசுவதற்கெல்லாம் பதில் சொல்லும். முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர் குடிக்க இறங்கி வந்த டீச்சரம்மாவை ஒரு தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்ததும் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய கம்பளியை விரித்து, முட்டைகளை அடுக்கி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். இரவும் பகலும் அது எரிந்தது. அவள் கைவேலையை விட்டுவிட்டு அடிக்கடி போய் முட்டைகளைத் திருப்பி வைத்தாள். டீச்சரம்மாவின் பிள்ளைகளை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"டீச்சரம்மா இல்லாத குறையை இனிமே இந்த லைட்டுதாங்க தீர்க்கணும்" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா தலையை ஆட்டினார். அவருக்கு என்ன புரிந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கிய சமயம். மாமாவுக்கு விடுமுறை. அக்காவும் நானும் காலையில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசலிலேயே கண் கூசியது. பட்டப்பகலில் வீட்டில் அத்தனை லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. நடுக்கூடத்தில் ஸ்டூலின் மேல், கையில் காலி அட்டை டப்பாவோடு மாமா நின்றார். எல்லா இடத்திலும் எல்.இ.டி. பல்பு.

"எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்கேன் பாரு" என்றார். "மொத்த வீடும் சேர்ந்து, பழசுல ஒரே ஒரு பல்பு குடிக்கிற கரண்டைத்தான் குடிக்குது. ஒண்ணே ஒண்ணு."

இரண்டு லைட் சேர்ந்து எரிந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர் இவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அறை அறையாக ஓடினேன். சமையலறைச் சுவரில் இத்தனை எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அக்கா கண்ணாடியில் பார்த்து, "ஐயோ, எனக்கு இவ்வளவு நரையா" என்றாள். மாமா பெருந்தன்மையாக, "அது முன்னாடியே இருந்ததுதான், மஞ்ச வெளிச்சத்துல தெரியல" என்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை டீச்சரம்மா போன பிறகு நான் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்த அக்கா சட்டென்று நிறுத்தினாள். "என்னங்க, பெட்டியில இருந்த பல்பு?"

"அதைத்தான் மொதல்ல மாத்தினேன். ராப்பகலா எரியறதாச்சே. இப்ப உள்ள எப்படி பளிச்சுன்னு இருக்குன்னு பாரு."

அக்கா ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டாள். முட்டைகள் ஆறிப்போய்க் கிடந்தன.

"வெளிச்சம் எதுக்குங்க அதுங்களுக்கு? உள்ள உக்காந்து படிக்கவா போகுதுங்க? சூடுங்க, சூடு வேணும்."

"இருட்டுல பயப்படக் கூடாதுன்னுதானே நீ லைட்டு போட்டே?" என்றார் மாமா. அவர் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. தாய்க்கோழி இல்லாத முட்டைகளுக்குத் துணையாக வைத்த விளக்கு என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருக்கிறார்.

பழைய பல்பை எடுத்து மாட்டினால் தீர்ந்தது என்று நான் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே ஒரு சாக்கு, அதன் மேல் சுத்தியல். சாக்குக்குள் வீட்டின் அத்தனை குண்டு பல்பும் தூள் தூளாகக் கிடந்தது. கவுண்டர் சட்டம்.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன மாதம்தான் மாமா பிரசங்கம் செய்து, எங்கள் வீட்டை மட்டும் தன் விடுமுறைக்கு விட்டுவைத்து, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்.இ.டி.க்கு மாற்றியிருந்தார். பழையதை அவரே வாங்கி உடைத்தும் கொடுத்திருந்தார். கடைக்காரர், "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறா, நீங்கதானே வெக்காதீங்கன்னு சொன்னீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சுத்தியலை எடுத்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. அக்கா அழவில்லை. அழுதிருந்தாலும் தேவலை. முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பார்த்த மாமாவின் முகம் இருண்டது. அத்தனை பல்பு எரிந்தும் பிரயோசனமில்லை.

அப்போதுதான் எனக்கு மாடி வீட்டு பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்தது. மனிதர் காய்ச்சலில் படுத்திருந்தார். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. அடைகாக்கிற கோழிக்கும் ஏறக்குறைய அதே சூடுதானே. அக்கா மடியில் கொள்ளாத முட்டைகளைக் கொண்டுபோய் அவர் போர்வைக்குள் வைத்தேன்.

"அண்ணே, அசையக் கூடாது. மாத்திரையும் இப்ப போட்டுக்காதீங்க."

"தும்மல் வந்தா?" என்றார் பரிதாபமாக.

"அடக்கிக்குங்க."

கீழே வந்தால் மாமா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். டிப்போவிலும் எல்.இ.டி. வந்துவிட்டது, ஆனால் யாருக்கும் கொடுக்காமல் மிஞ்சிப்போய், கழித்துக்கட்ட வைத்த குண்டு பல்புகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன என்றார். அக்கா சுவரைப் பார்த்தபடியே, "நீயும் கூடப் போ. இல்லேன்னா இந்த மனுஷன் மிச்சம் பிடிக்க நடந்தே போய்ட்டு வருவாரு" என்றாள். அவரோ, பெட்டியில் இருந்த எல்.இ.டி. பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவுக்கு வந்ததும் டாக்சியைக் கை காட்டி நிறுத்தினார். வழியெல்லாம் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகிவிட்டது.

கவுண்டரில் அன்று அவருக்குப் பதிலாக ஒரு அம்மா இருந்தார், காதில் பேனா செருகியபடி.

"குண்டு பல்பு ஒண்ணு வேணும்மா. அவசரம்."

"பழசு எங்க சார்?"

"எப்படியும் தூக்கிப்போடற பல்புதானேம்மா."

"இருக்கட்டும் சார். பழசு குடுத்தாத்தான் எதுவும் வெளிய போகும்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க."

மாமா பையிலிருந்து எல்.இ.டி. பல்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதான் பழசு."

"பளபளன்னு இருக்கே சார்."

"காலைல மாட்டினது. பழசாயிடுச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப உடைங்க" என்று சுத்தியலை நகர்த்தினார்.

பிரஷை ஒடித்தவர், தெருவின் பழைய பல்புகளையெல்லாம் உடைத்தவர், தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தம்புதுப் பொருளின் மேல் சுத்தியலை ஓங்கினார். அது கண்ணாடியாக இருந்தால் ஒரே அடியில் கதை முடிந்திருக்கும். பிளாஸ்டிக் ஆயிற்றே. துள்ளி விழுந்து உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. மாமா மண்டி போட்டு எடுத்து வந்து மறுபடி அடித்தார், மறுபடி துள்ளியது. கடைசியில் நான் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்ட போட்டில்தான் நொறுங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து நான் அவரை மிச்சம் என்று சொல்வதில்லை.

கைக்குட்டையில் சுற்றிய பல்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு டாக்சியில் வந்தார். பள்ளம் மேடு பார்த்து ஓட்டுங்க என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். பெட்டியில் மஞ்சள் வெளிச்சம் வந்து சூடு ஏறியதும், அக்கா மடியில் இருந்ததை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். அப்போது மாடியிலிருந்து கண்டக்டரின் அலறல் கேட்டது.

"சீக்கிரம் வாங்க, என்னை ஏதோ கொத்துது."

போர்வையை விலக்கினால் ஒரு முட்டையில் ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து மூக்கு ஒன்று அவர் விலாவைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு எடுத்துப் போகலாம் என்றால் மனிதர் கொடுக்க மாட்டேன் என்கிறார். "இது எனக்குப் பொறந்தது" என்றார், காய்ச்சலிலும்.

மறுநாள் மதியத்துக்குள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பொரித்துவிட்டன. அவற்றில் ஒன்று ஈரம் காய்வதற்குள்ளேயே தலையை நிமிர்த்தி எங்களை ஏற இறங்கப் பார்த்தது. அக்கா அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே.

மாமா டிப்போவிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லா காஞ்சுடுச்சுங்க. வெயிலும் உள்ள வருது. கொஞ்ச நேரம் லைட்டை அணைச்சிடலாமா?"

மாமா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம்மா. எரியட்டும்."