றம்பொடையில் அண்ணனை அடித்த நாள்

நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்கள் குளிரையும் தேயிலையையும் பற்றிக் கதைப்பார்கள். நான் அந்தப் பயணத்தில் என் சொந்த அண்ணனை அடித்துவிட்டு வந்தேன்.

காரணம் கரைவலை. எங்கள் மீனவ ஊரான சல்லியின் கரையில் யார் எந்த நாளில் வலை வளைப்பது என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். நேர்த்திக்காகக் கோயிலுக்குப் போனவனின் பாட்டில் யாரும் கைவைப்பதில்லை. நான் வெருகல் முருகனுக்குக் காவடி எடுக்கப் போன அன்று, என் பாட்டில் அண்ணன் வலை வளைத்துவிட்டான். திரும்பி வந்து கேட்டேன். அவன் வலையை உதறிக்கொண்டே நின்றான். அதன் பிறகு ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு சொல். "பிழைதான்" என்று சொல்லியிருந்தால், அன்றே அவன் வீட்டில் சாப்பிட்டிருப்பேன்.

அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. நுவரெலியா சீதை அம்மன் சந்நிதியில் எங்கள் இருவரையும் கைகோர்க்க வைப்பதென்று நேர்ந்து, மூன்று நாள் வீட்டில் மீன் மச்சம் காய்ச்சாமல், வாடகை வான் பிடித்து எங்களை ஏற்றினாள். பக்கத்துப் பக்கத்து இருக்கை வேறு.

கம்பளை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. கொந்தளிக்கும் வாடைக் கடலிலும் சோறு தின்றவன் நான். மலையில் குடலே வெளியில் வருமளவுக்குச் சத்தியெடுத்தேன். றம்பொடை அருவியடியில் வானை நிறுத்தினார்கள். சுற்றிலும் தேயிலைச் சரிவு, நடுவில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. முகம் கழுவப் பாறையில் குனிந்தபோது, பின்னால் அண்ணன் சாரதியிடம் சொல்லிச் சிரித்தான்.

"கரையில பாட்டை விட்டவன்ர வயித்தில சோறு மட்டும் நிக்குமே?"

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கன்னமும் காதும் சேர ஓங்கி அறைந்தேன். சரிந்தான். எழும்ப விடாமல் சட்டையைப் பிடித்து அதே இடத்தில் மீண்டும் அறைந்தேன். அவன் முழங்காலால் என் வயிற்றில் இடித்தான். வழுக்கும் பாறையில் இருவரும் கட்டிப்பிடித்து உருண்டோம். என் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அவன் தலை கல்லில் மோதிய சத்தம் அருவி இரைச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றி என் முதுகில் அடித்தாள்.

"விடடா அவனை! கொல்லப் போறியே?"

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரி ஓடி வந்து வாளித் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினாள். "சாமி பாக்க வந்த எடத்துல இப்படியாங்க அடிச்சிக்குவாங்க?" என்றாள்.

கோயில் வரை அக்கா அழுதுகொண்டே வந்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் ஓடை. அண்ணன் தனியாகப் போய்க் கரைக் கல்லில் குந்தியிருந்து, சட்டையில் பட்ட ரத்தத்தைக் கழுவினான். பிழை விட்டவன் அவன்தான்; ஆனால் கல்லில் மோதிய பிறகும் அடித்தவன் நான். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை" என்றேன். அவன் திரும்பவில்லை.

"அண்ணை, நான் அடிச்சது பிழை. மன்னிச்சுக்கொள்."

அசையவில்லை. மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு இறங்கி வந்தும் இந்தத் திமிரா என்று எனக்கு மறுபடி கோபம் ஏறியது. தோளைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருப்பிக் கையை ஓங்கினேன்.

அவன் என் கையைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக என்னோடு கதைத்தான்.

"மற்றப் பக்கம் வந்து கதையடா. இந்தக் காது கேக்குதில்லை."