பின்பக்கம் திறந்த அங்கி

நான் உயிரோடு இருக்கும்போதே என் சவ அங்கியைத் தைத்து, கட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார்கள் என்று ஒரு காலைப் பொழுது முழுக்க நம்பியவன் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை, சிரிக்க வைப்பதுதான் என் தொழிலுக்கு அடுத்த தொழில்.

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு ஜூலை மாதத் தூறலில், பெங்களூரில் ஊரின் ஓரமாக இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். துரைமார் விட்டுப்போன கோட்டுகளைச் சிறிதாக்குவது, பள்ளிக்கூட உடுப்பு, கல்யாணக் கவுன் என்று எல்லாம் வெட்டுவோம். அதோடு எங்கள் மாதா கோவிலில் சாகக் கிடப்பவர்களையும் அடக்கத்தையும் கவனித்துக்கொள்ளும் நல்மரண சபைக்குச் சவ அங்கியும் வெட்டுவோம். அது என் பொறுப்பு.

சவ அங்கியின் வெட்டைச் சொல்லாவிட்டால் என் முட்டாள்தனம் உங்களுக்கு விளங்காது. வெள்ளைத் துணி, முழுக்கை, கணுக்கால் வரை நீளம். முன்பக்கம் ஒரே துண்டு. பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை திறப்பு, கட்டிக்கொள்ள நாடா. படுத்திருப்பவரைத் தூக்கி நிறுத்தித் தலைவழியாக மாட்ட முடியாதே. கைகளை முன்னாலிருந்து நுழைத்து, ஓரங்களை முதுகுக்குக் கீழே செருகிவிட்டால் வேலை முடிந்தது. என் அனுபவத்தில் உயிருள்ள மனிதன் எவனும் மேலிருந்து கீழ் வரை பின்னால் திறந்த உடுப்பைப் போட்டதில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கமும் உண்டு. அங்கத்தினர் ஒருவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்து, சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனால், அந்த அங்கியைக் கொண்டுபோய் அவர் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டுவோம். அதைப் பார்த்துக்கொண்டே போவது பெரிய ஆறுதல் என்பார்கள். ஆறுதல் அடைந்தவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. மாட்டப் போகிறவன் நான்தான். சும்மா மாட்டிவிட்டு வரமாட்டேன். "மாமா, நல்லா பாத்துக்கோ. அளவு பத்தலன்னா இப்பவே சொல்லிடு. அப்புறமா வந்து கடைல சண்டைக்கு நிக்காத" என்பேன். படுத்திருப்பவரும் பல் தெரிய ஒரு முறை சிரிப்பார். நானும் பெரிய காரியம் செய்துவிட்டவன் போல வீட்டுக்கு நடப்பேன்.

அந்த வருஷம் எனக்குத் தொண்டை வலி வந்தது. மிளகுப் பால் குடித்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். வலி கேட்கவில்லை, குரல்தான் போயிற்று. கடையில் எனக்கு எதிர் மெஷினில் உட்காருகிறவர், "மாஸ்டருக்கு வாய் அடைச்சிடுச்சி. இன்னிக்குத்தான் கடைல வேலை நடக்குது" என்று எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அந்த டீயை என்னால் விழுங்க முடியவில்லை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியது. எங்கள் தெரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"தொண்டை அடைப்பான். டிப்தீரியா. கொழந்தைங்களுக்கு வர்றது. உனக்கு ஏன் வந்துச்சின்னு உன் பொண்டாட்டியக் கேளு, நீ இன்னும் கொழந்தன்னு அவளுக்குத் தெரியும்" என்றார். அவரையும் என் கூட்டாளிகளையும் இத்தனை நாள் நான் செய்த கேலியெல்லாம் அந்த ஒரு வாரத்தில் எனக்கு வட்டியோடு திரும்பக் கிடைத்தது.

பிறகு அவர் சிரிக்கவில்லை. என் மனைவியிடம், இவர் தட்டில் வேறு யாராவது சாப்பிடுவீர்களா, இவர் குடித்த டம்ளரில் யாராவது குடிப்பீர்களா என்று கேட்டார். என் மனைவி வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆறு வயது மகள் கையைத் தூக்கினாள். "நான்" என்றாள், ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்பது போல. என் காபியின் கடைசி வாய் தினமும் அவளுக்குத்தான். அது எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம்.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகக் கார்ப்பரேஷன் வண்டி வந்தது. கூட யாரும் ஏறக்கூடாது என்றார்கள். மறுநாள் காலையில் குழந்தையைக் கூட்டிவந்து தொண்டையில் பஞ்சு வைத்துச் சோதிக்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என்னை மட்டும் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் என் மதம் என்ன, எந்தக் கோவில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உள்ளே இருந்த டாக்டர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழையும் கலந்து, "மாத்தாட் பேடி. பேசவே கூடாது. எழுந்திருக்கவே கூடாது. தலையைத் தூக்கறதுகூட நர்ஸ்தான் தூக்கணும். இந்த நோவு தொண்டையோட நிக்காது, ஹார்ட்டைப் பிடிக்கும்" என்றார். ஊசி போட்டார். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்று பின்னால் தெரிந்தது. குதிரை மருந்தைக் கொடுத்துவிட்டுக் கனைக்கவும் கூடாது என்கிறார்களே என்று ஒரு வேடிக்கை தோன்றியது. சொல்ல ஆள் இல்லை. குரலும் இல்லை. என் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லாமல் விழுங்கிய முதல் வேடிக்கை அதுதான். விழுங்கும்போது அதுவும் வலித்தது.

காலையில் கண் விழித்தேன். தனி அறை. ஒரு கட்டில், மூலையில் கை கழுவும் பேசின், உயரத்தில் ஒரு ஜன்னல், வராந்தாவுக்குப் போகும் கதவு. மருந்துத் தண்ணீர் வாசனை. பக்கத்து அறையில் ஒரு குழந்தை மூச்சு விடாமல் இருமிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆணியில் அது தொங்கியது.

வெள்ளைத் துணி. முழுக்கை. பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை திறப்பு. நாடா.

தையற்காரன் கண், படுத்தபடியே அளவெடுத்தது. தோளிலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய என் உயரம். கோவில் பெயரை எதற்குக் கேட்டார்கள் என்பது அப்போது விளங்கியது. தலையைக்கூடத் தூக்க வேண்டாம் என்றதும் விளங்கியது. தூக்கி என்ன ஆகப்போகிறது? சபைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், எவனோ ராத்திரியே வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை. மாட்டியவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டானே என்ற வருத்தம். அளவு சரியா என்றாவது கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு பயம் வந்தது, மொத்தமாக வந்தது. ஊரையே சிரிக்க வைத்தவன் அந்த அறையில் ஒரு துணிக்குப் பயந்து போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு கிடந்தேன். ஆளில்லாத அறையில் பயப்படுவதைவிட வெட்கக்கேடு ஒன்றுமில்லை. பார்த்துக் கேலி செய்யக்கூட ஒருவரும் இல்லை.

அப்போது வெளியே என் மகள் குரல் கேட்டது. "நைனா எந்த ரூம்ல கீது?"

சோதனைக்கு வந்திருக்கிறார்கள். சாவதற்குள் அவளை ஒரு முறை தொட்டுவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எழுந்தேன். சுவர்கள் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து நின்றன. கதவை நோக்கிப் போகும்போது அங்கியைத் தாண்ட வேண்டியிருந்தது. பழக்க தோஷம், விரல் தானாகப் போய் ஓரத்தைத் தடவியது. மடிப்புத் தையல் பிரிந்திருந்தது. என் சாவுக்கு இப்படியா தைப்பது என்று எரிச்சலோடு வராந்தாவைக் கடந்து முற்றத்தில் இறங்கினேன்.

முற்றத்தின் அந்தப் பக்கம் கம்பி வேலி. அதற்கு வெளியே என் மனைவி குடையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாங்க இது? எதுக்கு எழுந்து வந்தீங்க? உள்ள போங்க" என்றாள். மகள் அதற்குள் வேலியண்டை ஓடிவந்து, கம்பிக்குள் கையை நுழைத்து நீட்டினாள். "நைனா, எனக்குத் தொண்டையில பஞ்சு உட்டாங்க. ஊசியும் போட்டாங்க. நான் அழுவவே இல்ல."

நான் வேலியை நோக்கி நடந்தேன். பின்னால் ஒரு பெண் குரல், "அண்ணா, அங்கேயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வெக்காதீங்க" என்றது.

திரும்பினேன். திறந்திருந்த கதவு வழியாக என் அறை தெரிந்தது. ஒரு நர்ஸ் ஆணியிலிருந்து என் அங்கியை எடுத்தாள். கைகளை முன்னாலிருந்து நுழைத்தாள். பின்னால் கையை விட்டு நாடாவைக் கட்டிக்கொண்டே வேகமாக வராந்தாவில் வந்தாள். என் சவ அங்கி கால் முளைத்து என்னைத் தேடி வருவதைப் பார்த்தேன். நான் மகள் பக்கம் திரும்பினேன். அதற்கப்புறம் தரையில் கிடந்தேன்.

கட்டிலில் கண் விழித்தபோது, அதே அங்கியோடு அந்த நர்ஸ் என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோலார் தங்கவயல் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். "இன்னாண்ணா இப்டி பண்ணிட்டீங்க? சும்மா எழுந்து உக்காந்து அப்படியே போனவங்கள நான் பாத்திருக்கேன்" என்றாள். நான் அங்கியைக் காட்டினேன். கண்ணை மூடி, கைகளை மார்பில் சிலுவை போல வைத்துக் காட்டினேன். என்னைக் காட்டினேன்.

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாடாவை அவிழ்த்தாள். அங்கியை ஆணியில் மாட்டினாள். பேசினில் முழங்கை வரை நிதானமாகக் கழுவித் துடைத்தாள். வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். சிரிப்பு நெடுநேரம் கேட்டது. சிரிப்பிலும் முறை தவறாத பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எடுபட்ட என் ஒரே வேடிக்கை அதுதான். அதையும் நான் தனியாக, சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன்.

மறுபடி வந்தபோது சொன்னாள். "பக்கத்து ரூம்ல கக்குவான் கொழந்த. எதிர்ல தட்டம்மை. ஒரே துணியோட எல்லார்கிட்டயும் போனா, ஒருத்தர் நோவ இன்னொருத்தருக்கு நானே கொண்டுபோய்க் குடுத்த மாரி ஆவும். அதான் ரூமுக்கு ஒரு அங்கி. உங்க ரூம்து உங்க ரூம்லயே இருக்கும். ராத்திரி மூணு வாட்டி இதப் போட்டுக்கினுதான் வந்தேன், நீங்க தூங்கினு இருந்தீங்க."

பின்பக்கம் ஏன் திறப்பு என்று முதுகைத் தொட்டுக் கேட்டேன். "நீங்க என் மூஞ்சிக்கு எதுக்கத்தான இருமுறீங்க? முன்னாடி பொத்தான் வெச்சா அந்தச் சந்துல நோவு உள்ள பூராதா?" என்றாள். கட்டிங் மாஸ்டராக இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தோன்றாத காரணம். உடுப்புக்குள் இருப்பவருக்காக வெட்டத்தான் தெரியும். எதிரே இருப்பவருக்காகவும், பக்கத்து அறையில் இருப்பவருக்காகவும் ஒரு வெட்டு இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தேன். நாடி தாறுமாறாக ஓடியதால் தலையணைகூடத் தரவில்லை. மனைவி ஞாயிறுதோறும் வந்து வேலிக்கு வெளியே நிற்பாள். ஜன்னல் உயரம், நான் படுக்கை. ஒரு சில்வர் ஓக் மரத்தின் நுனிதான் எனக்குத் தெரியும். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. வந்தாள், நின்றாள், போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்னால்தான் உண்டு. மரத்தின் நுனியைப் பார்த்து, அதற்குக் கீழே அவள் நிற்பதாக வைத்துக்கொள்வேன். மகள் தொண்டையில் நோய்க்கிருமி இல்லை என்ற செய்தியும் நர்ஸ் வாயால்தான் வந்தது. அன்று சந்தோஷத்தில் சொல்ல எனக்குப் பத்து வேடிக்கைகள் இருந்தன. அறையில் மனித உருவமாக இருந்தது அங்கி ஒன்றுதான். கதவு திறந்தால் காற்றில் அதன் கை கொஞ்சம் ஆடும். அதற்குச் சொன்னேன், மனதுக்குள்.

குணமாகி வந்தபின் சபை வேலையை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அங்கியை மாட்டிவிட்டு அளவைக் கேட்பதில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வேறு யாராவது வரும் வரை உட்கார்ந்திருக்கிறேன். என்னடா, வாயாடி ஊமையாகிவிட்டான் என்கிறார்கள். ஆகட்டும்.

எங்கள் தெருவில் அந்த வேலிக்கதையை இன்றும் சொல்லுவார்கள். குழந்தை கையை நீட்டியதாம். நோய் ஒட்டிவிடும் என்று தகப்பன் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டானாம். அப்படிப்பட்ட பாசமாம். தூரத்தில் குடைக்குள் நின்ற என் மனைவியும் அப்படித்தான் பார்த்ததாகச் சொல்கிறாள். மகளும் நம்புகிறாள். வாயால் மறுத்தால், இவன் எதில்தான் விளையாட மாட்டான் என்று தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விரலைப் பிடிக்கத்தான் நீட்டினேன். எட்டுவதற்குள் மயங்கி விழுந்துவிட்டேன்.