பலகையில் ஒட்டாத அறிவித்தல்

முரசுமோட்டை விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அலுவலக வாசலில் ஒரு பெண் கண் கலங்கி நிற்கிறார். சிறுபோக நெல் விதைப்புக்கான தண்ணீருக்குப் பெயர் பதிவது நேற்றோடு முடிந்துவிட்டதாம். வட்ஸ்அப் குழுவில் மட்டும் அறிவித்திருக்கிறார்கள்.

"பிள்ளையளோட கதைக்கவே நேரமில்லாமல் எந்நேரமும் போனும் கையுமா இருந்தனான் ஐயா. சீ எண்டு குறூப்பை விட்டிட்டன். இப்ப வயலுக்குத் தண்ணி இல்லையாம்."

சுவரில் அறிவித்தல் பலகை வெறுமையாக இருக்கிறது. அதில் ஒட்டாமல் எந்தப் பதிவையும் மூடக்கூடாது என்பது ஓய்வுபெற்ற எழுதுவினைஞனான எனக்குத் தெரியும். அங்கேயே முறைப்பாட்டை இரண்டு பிரதிகளாக எழுதி, அந்தப் பெண்ணிடம் கையொப்பம் வாங்கி, உள்ளே இருக்கும் செயலாளரிடம் நீட்டிவிட்டு அவர் முன்னாலிருந்த கதிரையில் அமர்கிறேன்.

"இதைப் படமெடுத்துக் குறூப்பில போடுங்கோ ஐயா. அப்பத்தான் தலைவர் பாப்பார்."

வெளியே என் பேருந்து வந்து போகிறது. என் கையிலுள்ள பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று செயலாளர் ஒப்பமிடும்வரை இந்தக் கதிரையை விட்டு நான் எழும்பப்போவதில்லை.