ஒரு சுற்றுகூட இல்லாத சுருள்

என் பெரியம்மா மகனைப் பட்டறையில் ‘காத்தாடி’ என்பார்கள். மின்விசிறியின் காற்று எங்கே விழுகிறதோ அங்கேதான் அவருடைய நாற்காலி இருக்கும். தகப்பனை இழந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவர். வானொலிக் கருவிகள் செய்யும் அந்தப் பட்டறையில் நான் செப்புக்கம்பிச் சுருள்களைச் சுற்றுவேன். சுற்று கூடினால் மீட்டர் காட்டும் அளவும் கூடும். அவர் மீட்டரில் சோதித்து ஏற்பார், அல்லது தள்ளுவார். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவரே. அதை நான் மறைக்கவில்லை.

ஒரு கோடையில், எழுந்து போகச் சோம்பி, மீட்டரின் குட்டை ஒயர்களைக் கழற்றிவிட்டு நாற்காலிவரை எட்டும் நீள ஒயர்களை மாட்டினார். அந்த வாரமே என் சுருள்கள் ‘அளவு அதிகம்’ என்ற சீட்டோடு திரும்பி வந்தன.

“உனக்குக் கை நடுங்குது. எண்ணத் தெரியலைன்னா வீட்ல இரு” என்றார், எல்லோர் முன்னிலையிலும்.

“எண்ணித்தாண்ணே சுத்தினேன்.”

“அப்ப மீட்டர் பொய் சொல்லுதா? அது என்ன எனக்கு மாமனா மச்சானா?”

பட்டறையே சிரித்தது. முதலாளி என்னை நிறுத்திவிட்டார். வேறு இடங்களில் வேலை கேட்டபோது, ‘கைநடுங்கி’ என்ற பெயர் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

சீட்டுகளைக் கோப்பில் அடுக்கிவிட்டு, அந்த மீட்டரின் கையேட்டைத் தேடிப் பிடித்துப் படித்தேன். மீட்டர் ஒரு மெல்லிய மாறுமின்னோட்டத்தை அனுப்பி, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கிறது. அழுத்தத்துக்கு ஓட்டம் பிந்தினால் சுருள், முந்தினால் மின்தேக்கி, இரண்டும் சேர்ந்தே நடந்தால் மின்தடை. ஆனால் எது ஒயர், எது சுருள் என்று அதற்குத் தெரியாது. ஒயர் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ‘இதைக் கழித்துக்கொள்’ என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணன் ஒயரை மாற்றினார், அதைச் சொல்லவில்லை. அவருடைய ஒயரின் அளவு என் சுருளின் கணக்கில் ஏறி, பழி என் தலையில் விழுந்தது.

“போய் விளக்கிச் சொன்னாப் போதுமே” என்றார் என் கணவர். எனக்குப் போதாது.

சுருள் வைக்கும் பிளாஸ்டிக் கூட்டில் நேரான செப்புத்துண்டு ஒன்றை, முனைகள் மட்டும் வெளியே நீட்டியிருக்க வைத்து மூடி ஒட்டினேன். எல்லோரும் தேநீருக்குக் கூடியிருந்த வேளையில் போய் முதலாளியிடம் நீட்டினேன்.

“கடைசியா ஒரு தடவை அண்ணனைப் பாக்கச் சொல்லுங்க.”

அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே ஒயர்களைக் கவ்வவிட்டார். “இப்பக் குறைச்சலாக் காட்டுது. அப்ப கூடுதல், இப்ப பாதிச் சுத்தை முழுங்கிட்டே!”

“எத்தனை சுத்து இருக்கும்ணே?”

“நாலஞ்சு தேறும்.”

“உடைச்சுப் பாருங்க.”

முதலாளியே உடைத்தார். நேரான துண்டு மேசையில் விழுந்தது.

“ஒரு சுத்துகூட இல்லாததுக்கு இவ்வளவு எங்கேருந்துப்பா வந்துச்சு?” என்று அவர் கேட்டார். நீள ஒயர்களைக் காட்டி, மாற்றியபின் அவற்றைக் கழிக்காததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

அண்ணன் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். “ஏம்மா, வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாம.”

“கை நடுங்குதுன்னு வாசல்லயா சொன்னீங்க? உள்ளே வந்து சொல்லுங்க.”

வந்து, நின்று, முணுமுணுத்தார்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலைண்ணே.”

மறுபடியும், உரக்கச் சொன்னார். நாளையே வேலைக்கு வரும்படி முதலாளி சொன்னார். யோசித்துச் சொல்வதாகக் கூறி, நிதானமாகத் தேநீரைக் குடித்தேன். அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.