வேலில் கட்டிய விளக்கு

சென்றாயனுக்கு வாய் சும்மா இருக்காது. எந்நேரமும் ஒரு கணக்கை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மலைமேல் தேவனூர் நாட்டில் பிறந்து சாமையும் தினையும் விதைத்துக் கிடக்க வேண்டிய ஆள். இளவட்ட வயசில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மலையிறங்கி, சேலத்தில் ஒரு பஞ்சாலையின் மிஷின் கொட்டகையில் எண்ணெய் விடும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பலகையில் இரண்டு மீட்டர்கள். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர் காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கரண்டுக்கு எவ்வளவு தடை என்று தெரியும். இரண்டையும் பெருக்கினால் எத்தனை வாட் செலவாகிறது என்று தெரியும். அவன் படித்த படிப்பெல்லாம் இவ்வளவுதான். ஆனால் அது அவனைப் பிடித்த பிடி இருக்கிறதே, மலைக்குத் திரும்பிப் பொன்னாயியைக் கட்டிக்கொண்ட பிறகும் விடவில்லை. "ஏனுங்க, களி ஆறுது. கணக்க அப்பறம் திங்கலாம்" என்பாள் பொன்னாயி.

உலகச் சண்டைக் காலம் அது. அந்த ஆடியில் நாட்டுக்குத் தலைவரான நாட்டார் அர்த்தனாரிக்கு ஓர் ஆசை வந்தது: சாமிச் சோலையில் நடக்கும் பெரியசாமி நோம்பித் திருவிழாவுக்குக் கரண்டு விளக்கு போட வேண்டும். கீழ்நாட்டிலிருந்து எண்ணெய் மிஷினையும் டைனமோவையும் வாடகைக்குப் பிடித்து, பிரித்து, கம்பில் கட்டிக் காவடியாய் மேலே சுமந்து வந்தார்கள். ஓட்டுவதற்குச் சென்றாயனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆனால் அந்த வாரம்தான் பொன்னாயிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்காரன் தீட்டுக் கழியாமல் சோலைக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் மிஷினை எல்லைக் கல்லுக்கு வெளியே நிறுத்தி, டைனமோவின் ஒரு முனையை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியோடு சேர்த்துவிட்டு, அவன் அங்கேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே ஒயர் இழுக்கும் வேலை பொன்னாயியின் அண்ணன் செல்லமுத்துவுக்கு.

"மச்சான், ஒயரு பழசுங்க, ரப்பரெல்லாம் வெடிச்சுக் கெடக்குது. மூங்கில்லயே கட்டீருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

சொன்னால்? அந்த மலையில் சாமிக்கு எதைக் கொடுத்தாலும், மணியானாலும் தொட்டிலானாலும், மண்ணில் ஊன்றிய இரும்பு வேலில்தான் கட்டுவார்கள். சாமிக்குக் கொடுக்கிற விளக்கைப் போய் மூங்கிலில் கட்டுவானா செல்லமுத்து? வேலைச் சுற்றி ஒயரை நன்றாக முறுக்கிக் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சாரல் பிடித்தது. மூடுபனி இறங்கி, பொழுது சாய்வதற்குள்ளேயே சோலை இருண்டது. மிஷினை ஓட்டியதும் உள்ளே விளக்குகள் எரிந்தன, சனம் குலவையிட்டது. சென்றாயன் மீட்டரைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

நூற்றுப்பத்து வோல்ட். விளக்கொன்றுக்கு அரை ஆம்பியர். இருபது விளக்குக்குப் பத்து. முள்ளோ பதினொன்றில் நின்றது. மிச்சம் ஓர் ஆம்பியர், அதாவது நூற்றுப்பத்து வாட். இரண்டு விளக்கு எரியும் அளவு கரண்டு எங்கோ போகிறது.

கொட்டுக்குத் தாளம் போட்டபடி வெளியே வந்த ஊர்க்காரன் பழனிமுத்துவை நிறுத்தினான். "உள்ள ரெண்டு வெளக்கு சேத்தி மாட்டுனீங்களா?"

"இல்லீங்களே. இருவதுதான்."

"ஒயர எதுலங்க கட்டீருக்குது?"

"இதென்ன கேள்வி. சாமி வேல்லதான்."

அப்படியானால் வெடித்த ஒயரிலிருந்து வேல் வழியாக ஈர மண்ணுக்குப் போகிறது அந்தக் கரண்டு. ஆலையில் ஒருமுறை பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை உப்புத் தண்ணீர்க் கையால் பிடிக்கச் சொல்லி மேஸ்திரி வேடிக்கை காட்டியிருந்தார். உலர்ந்த கைக்கு அசையாத முள், ஈரக் கைக்குத் துள்ளியது. வகுத்துப் பார்த்தபோது ஆயிரம் ஓம். இங்கே சாமி வந்தவர்கள் ஓடையில் முழுகி, சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு ஓடிவந்து வேலைக் கட்டிப்பிடிக்கப் போகிறார்கள். நூற்றுப்பத்தை ஆயிரத்தால் வகுத்தால் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. ஆளைக் கொல்ல அது தாராளம். இந்த வருசம் முதலில் ஓடிவந்து பிடிக்கும் ஆள் செல்லமுத்து.

கத்தினான். கொட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்? சாமி வரும் நேரத்தில் விளக்கணைந்தால் குடும்பத்தையே நாடு தள்ளிவைக்கும், அதுவும் அவனுக்குத் தெரியும். பச்சைக் குழந்தை வீட்டில் கிடக்கிறது. ஒருவேளை மீட்டர் பொய் சொல்கிறதோ? இன்னொரு தரம் வகுத்தான். அதே விடைதான் வந்தது. மரங்களுக்கிடையே ஈர வேட்டியோடு மச்சான் ஓடிவருவது தெரிந்தது. சென்றாயன் மிஷினை நிறுத்தினான்.

இருட்டில் செல்லமுத்து வேலைக் கட்டிப்பிடித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வினையே அங்கேதான் வந்தது.

கூட்டம் மிஷினைச் சூழ்ந்தது. அர்த்தனாரி நாட்டார் கேட்டார். "ஏஞ்சாமி இப்பிடிப் பண்ணுன?"

"வேல்ல கரண்டு எறங்குதுங்க. ஒயர அவுத்துருங்க, மறுக்கா ஓட்டறேன்."

"சாமிக்குக் கட்டுனத அவுக்கறதா?"

செல்லமுத்து முன்னே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எஞ்சாமி வேலு என்னியக் கொல்லுமா மாப்ள? மிஷின ஓட்டு. எல்லாரும் பாக்க நான் போயிப் புடிக்கறேன். நீ சொல்றது நெசம்னா தெரிஞ்சுபோவுது."

சென்றாயன் சொன்னது மெய் என்று காட்ட வேண்டுமானால் மச்சான் சாக வேண்டும். பழனிமுத்து மிஷினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை எடுக்கக் குனிந்தான். அதற்குள் சென்றாயன் அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினான். பாறைகளில் மோதி மோதி அது வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.

அன்றே தீர்ப்பாயிற்று: தீயில்லை, தண்ணீரில்லை, மலையில் இடமில்லை. தங்கச்சி என்றும் பார்க்காமல் முதலில் கை தூக்கியவன் செல்லமுத்து.

விடிந்ததும் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். அண்ணன் வாசலில் நிற்பான் என்று பொன்னாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது. பாதி மலை இறங்கியதும் அவள் நின்றாள்.

"ஏனுங்க, நெசமாலுமே எங்கண்ணன் செத்துருக்குமா?"

"செத்துருப்பாருங் கண்ணு."

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தோள் மாற்றினாள்.

"அப்பச் செரி. நடங்க."