மெயின் சுவிட்சை இறக்கியது யார்?

அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் பட்ட பாட்டைக் கேட்பதும் ஒரு வேலைதான். காபி நிறையக் குடிக்க வேண்டும், வாயைக் குறைவாகத் திறக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் மேரி வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: சரித்திரப் பேராசிரியர் லலிதா மேடம், ரெக்கார்டருடன் நான், மேரி, கஸ்தூரி, ஷாஹினா, பாக்கியம், அவர்களோடு ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்த இன்னும் ஐந்து பேர். தையல்காரப் பெண்கள் ஒன்பது, நாங்கள் இருவர்.

நான் எட்டாவது வரை படித்தவள். அதே கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கராக இருந்து, வேலையை விட்டு நின்றவள். பெங்களூரில் கூலிக்கு உழைத்த பெண்களைப் பற்றி மேடம் புத்தகம் எழுதுகிறார். வீடுகளைக் காட்டுவதும், பதிவானதைக் கேட்டு எழுதித் தருவதும் என் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர் யாராவது இதைப் படித்தால், கீழே உள்ளவற்றுக்கு விளக்கம் தேவைப்படாது.

செருப்பு

பிரேசர் டவுனில் ஷாஹினா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். ரெக்கார்டரைப் போட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் நல்லவர், கேன்டீன் சாம்பார் நல்ல சாம்பார், ஒரு குறையும் இல்லை என்றாள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. ரெக்கார்டரைப் பைக்குள் வைத்து, வாசலில் செருப்பு மாட்டினோம்.

அவ்வளவுதான், கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முப்பது பேர் கொண்ட லைனுக்குப் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன், அது யார் கையில் இருக்கிறது என்று தைத்துக்கொண்டே தேடுவது, காலையில் தண்ணீரே குடிக்காமல் வருவது எல்லாம் வந்தது. மேடம் அவள் சம்மதம் கேட்டு ரெக்கார்டரை மறுபடி எடுத்தார். உள்ளே போய் உட்காரலாமா என்றும் கேட்டார்.

"நக்கோ மேடம், உள்ள வந்தா எனக்கு மறந்துரும். செருப்போடவே நில்லுங்க, சொல்றேன்."

ஸ்டூல்

கஸ்தூரி அப்படியில்லை. ரெக்கார்டர் எதிரிலேயே சொன்னாள். ஒரு நாள் ஆறு மாதக் கர்ப்பிணி செல்வி டோக்கன் கேட்டாள். சூப்பர்வைசர் இரண்டு முறை இல்லை என்றார். மூன்றாவது முறை கேட்பதற்குள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தைக்கிற பீஸ் முடியட்டும் என்றார் அவர். கஸ்தூரி குள்ளம். அயர்ன் டேபிள் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சை இறக்கினாள். அந்த மாடி முழுவதும் மெஷின் நின்றது. செல்வியை ஆட்டோவில் ஏற்றும்வரை யாரும் சுவிட்சைத் தொடவில்லை. இறக்கியது யார் என்று கம்பெனி கடைசிவரை கண்டுபிடிக்கவும் இல்லை.

அந்த நிமிடம் மனதில் என்ன தோன்றியது என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"என்ன தோணும் மேடம்? ஸ்டூலு ஒரு காலு ஆடுச்சு. கீழ விழுந்துருவேன்னு பயம்தான்."

படித்துக் காட்டுதல்

அச்சுக்குப் போகும் முன், சொன்னவர்களிடமே படித்துக் காட்டுவது மேடத்தின் வழக்கம். வேண்டாம் என்று யார் சொன்னாலும் அந்தப் பகுதியை எடுத்துவிடுவார். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடினோம். சுவிட்ச் கதை வந்தபோது எட்டுப் பேர் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றாள். அவள் மகள் ரேவதி இப்போது அதே கம்பெனியில் தைக்கிறாள். அவளுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைக்குமா என்பது இந்த மாதம் தெரியும். இன்னார் மகள் என்று தெரிந்தால் கிடைக்காது.

மேடத்தின் மூன்றாவது அத்தியாயமே அந்தச் சுவிட்சில்தான் நிற்கிறது. பெயரை மாற்றிவிடலாமா என்று ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"பேரை மாத்தலாம் மேடம். என் உயரத்தை எப்படி மாத்துவீங்க?"

மேடம் வாதாடவில்லை. அந்தப் பகுதியை அடித்துவிடப் பென்சிலை எடுத்தார்.

யார் பீஸ்?

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. தப்பாகத் தைத்த பீஸ் திரும்பி வந்து, யாருடையது என்று சூப்பர்வைசர் கத்தினால், எல்லோரும் என்னுடையது என்பார்கள். திட்டு பங்காகிவிடும். செக்கராக இருந்த காலத்தில் இந்தப் பழக்கத்தால் நான் பட்டது கொஞ்சமல்ல.

மேரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "சுவிட்சை இறக்கினது நான். ஸ்டூல் போட்டு ஏறினேன். எழுதிக்குங்க."

"உனக்கு எதுக்குக்கா ஸ்டூலு? நீ கையைத் தூக்கினா ஃபேன் நின்னுரும்" என்றாள் ஷாஹினா. "நான்தான் இறக்கினேன்."

"நானும்" என்றாள் பாக்கியம்.

"ஏய், நீ அன்னிக்கு ஆம்பூர்ல கல்யாணத்துல இருந்தேடி!" என்றாள் மேரி.

"பந்திக்கு முன்னாடி வந்து இறக்கிட்டுப் போனேன். உனக்கென்ன?"

மற்ற ஐந்து பேரும் வரிசையாகச் சொன்னார்கள். மேடம் என் பக்கம் திரும்பி, நீங்கள் அதே மாடியில் இருந்தவர்தானே என்றார். என் மேஜை சுவரைப் பார்த்து இருந்தது என்றேன். மேஜை ஸ்டூலைப் பார்த்துத்தான் இருந்தது.

மேடம் பென்சிலை வைத்துவிட்டு, இறக்கியது தான்தான் என்று எட்டுப் பேர் சொன்னதாகவே எழுதுகிறேன், கஸ்தூரி சொன்னது வராது என்றார். கஸ்தூரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"அது எப்படி மேடம், என்னை மட்டும் விட்டா சந்தேகம் வராதா? நானும் இறக்கினேன்னு போட்டுருங்க."

வேண்டாம் என்பவர்களை எடுத்துவிடத்தான் ஒன்பது பேரைக் கூட்டினோம். ஆம்பூரில் பந்திக்குக் காத்திருந்தவளையும் சேர்த்து, அந்த ஒரே சுவிட்சை இறக்கியவர்களாகச் சரித்திரத்தில் மிச்சமிருப்பது சரியாக ஒன்பது பேர்.